ஆங்கில நேர்காணலில் ‘நான் செய்தேன்’ என்று சொன்னால் அகம்பாவமா?

திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36. உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ள நவீன அரிசி ஆலையில் 11 ஆண்டுகளாகத் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறார். ஐப்பசி மழையில் நனைந்து வந்து சேரும் குறுவை நெல்லை அவித்து உலர்த்தும்போது அரிசி அளவுக்கு மீறி உடைந்து கொண்டிருந்தது. தஞ்சையில் உள்ள நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்பக் கல்வி, ஆய்வு நிறுவனத்தில் ஒரு குறுகிய காலப் பயிற்சியில் கற்றுக்கொண்டதை வைத்து, நெல்லை ஒரே மூச்சில் உலர்த்தாமல் இடையில் ஆறவிட்டு இரண்டு கட்டமாக உலர்த்திப் பார்க்கலாம் என்று இவர் யோசனை சொன்னார். முதலாளி தயங்கினார், டிரையர் ஆபரேட்டர் முணுமுணுத்தார், பிறகு இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அதுவரை 12 சதவீதமாக இருந்த குருணை (உடைந்த அரிசி) அந்தப் பருவ முடிவில் 7 சதவீதத்துக்கு இறங்கியது.

சென்ற ஆண்டு உணவு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் மேலாளர் பணிக்குக் காணொளி வழியாக ஆங்கிலத்தில் நேர்காணல் நடந்திருக்கிறது. “இதில் உங்கள் பங்கு சரியாக என்ன?” என்று கேட்கப்பட்டபோது, “நத்திங் ஸ்பெஷல் சார், இட் வாஸ் டீம் ஒர்க்” என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். வேலை கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வேறொரு நிறுவனத்தில் நேர்காணல் இருக்கிறது. பெங்களூரில் பணிபுரியும் சித்தப்பா மகன், “அக்கா, உன்னை நீயே விற்கத் தெரிய வேண்டும், மில்லையே தூக்கி நிறுத்தியதாகச் சொல்” என்று கூறி, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியும் கொடுத்திருக்கிறார். அதைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தபோது உடம்பு கூசியது என்கிறார் வாசகி. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அப்பா, ‘வியவற்க எஞ்ஞான்றும் தன்னை’ (எப்போதும் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளாதே) என்ற குறளைச் சொல்லி வளர்த்தவராம். தம்பி சொன்னபடி பேசுவதா, பழையபடியே இருந்துவிடுவதா, இல்லை நேர்காணலைத் தமிழில் நடத்தும்படி கேட்கலாமா என்பது இவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஆலையில் நடந்ததை நீங்கள் தமிழில் எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். ‘ஒரு தொட்டி நெல்லை மட்டும் தனியாக எடுத்து உலர்த்திப் பார்த்தேன்’, ‘மூன்று நாள் குறித்து வைத்தேன்’, ‘முதலாளியிடம் இரண்டு தட்டிலும் அரிசியைப் பரப்பிக் காட்டினேன்’ என்று வரிசையாக வருகிறது. இதில் எங்கேயும் தற்பெருமை தொனிக்கவில்லை. ‘நான்’ என்ற சொல்லும் அநேகமாக இல்லை. செய்தவர் யார் என்பதை வினைமுற்றே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஐ’ வந்தே ஆகவேண்டும். நம் காதுக்கு அது ஒவ்வொரு முறையும் மார்தட்டிக் கொள்வதைப் போல ஒலிக்கிறது. ஆனால் அந்த மொழியிலேயே நாளெல்லாம் வேலை பார்ப்பவர்களுக்கு, நமக்கு ‘-ஏன்’ விகுதி எப்படிக் கவனத்தில் படுவதில்லையோ, அப்படியே அந்த ‘ஐ’யும் படுவதில்லை. ஆகவே உங்கள் கூச்சத்தில் ஒரு பகுதி குணம் பற்றியதல்ல, வெறும் இலக்கணம் பற்றியது. அந்தப் பகுதியைத் தயங்காமல் ஒதுக்கி வைத்துவிடலாம்.

மீதிப் பகுதி அப்பா சொல்லிக்கொடுத்ததிலிருந்து வருகிறது. அதை ஒதுக்கும்படி நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நம் மரபு தன்னைப் பற்றிப் பேசுவதையே தடுக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது முழு உண்மை ஆகாது. ‘தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’ என்று சொல்லும் அதே நன்னூல், அடுத்த நூற்பாவிலேயே அது தகும் இடங்கள் நான்கைப் பட்டியலிடுகிறது. அரசவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதம் செய்து வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்துரைக்கும்போது. ‘தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்’ என்ற அடியை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு மனப்பாடமாகவே இருக்கும். வேலைக்கு விண்ணப்பிப்பது ஓலை விடுப்பது. உங்களை முன்பின் அறியாத மூன்று பேர் முன் அமர்வது ஆற்றல் உணராரிடையே இருப்பது. ஒரே நேர்காணலில் நான்கில் இரண்டு இடங்கள் சேர்ந்து வருகின்றன. குறள் கடிவது தன்னைத் தானே மெச்சி மயங்குவதை; கேட்டவருக்கு நடந்ததைச் சொல்வதை அன்று.

‘வேலையே பேசும், நாம் எதற்குப் பேச வேண்டும்’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதலாளிக்கு அது பொருந்தும். அரிசித் தட்டைக் கண்ணால் பார்த்தவர் அவர். திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவருக்கு உங்கள் ஆலையும் தெரியாது, டெல்டாவின் ஐப்பசியும் தெரியாது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்பட்டாலே குறுவை அறுவடையின் பின்பகுதி வடகிழக்குப் பருவமழைக்கு அருகே வந்துவிடுகிறது. திறப்பு தள்ளிப்போனால் அறுவடையும் மழைக்குள்ளேயே போய் விழுகிறது. நமக்கு இது சொல்லத் தேவையில்லாத செய்தி. அவர்களுக்கு இதை ஒரே வாக்கியத்தில் சொன்னால்தான், நீங்கள் சமாளித்தது எத்தகைய நெல்லை என்பது விளங்கும்.

‘டீம் ஒர்க்’ என்ற பதிலைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும். அதை நீங்கள் பணிவு என்று நினைக்கிறீர்கள். நேர்காணல் நடத்துபவர் கையில் உள்ள தாளில் அது எப்படிப் பதிவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் தேர்ந்தெடுக்க வேண்டியது ஓர் ஆளை, ஒரு குழுவை அல்ல. ‘நாங்கள்’ என்பதோடு பேச்சு நின்றுவிட்டால், முன்னின்று நடத்தியவரா, பக்கத்தில் நின்று பார்த்தவரா என்று அவரால் பிரித்தறிய முடியாது. நல்ல மனிதர்கூட அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு பதிலில் நீங்கள் மட்டும் மறையவில்லை. முணுமுணுத்தாலும் இரவு ஷிப்டில் கண்விழித்து டிரையரை ஓட்டிய ஆபரேட்டர் மறைந்தார். கொள்முதல் நெருக்கும் காலத்தில் உற்பத்தி குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒத்துக்கொண்ட முதலாளி மறைந்தார். கற்றுக்கொடுத்த பயிற்சி மையமும் மறைந்தது. யாருக்கும் உரியது போய்ச் சேரவில்லை. உங்கள் பங்கைத் தெளிவாகச் சொல்லும்போதுதான் மற்றவர் பங்கையும் தெளிவாகச் சொல்ல முடியும்.

‘யோசனை என்னுடையது அல்ல, பயிற்சியில் சொன்னதுதானே’ என்பது உங்களுடைய இன்னொரு தயக்கம். அவித்து இறக்கிய நெல்லில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதை ஒரே ஓட்டத்தில் 14 வரை இறக்கினால், மணியின் மேற்புறம் காய்ந்தும் உட்புறம் ஈரமாகவும் இருந்து கீறல் விழும். அரைக்கும்போது கீறல் விழுந்த இடத்தில் உடையும். பதினாறு, பதினெட்டு வரை இறக்கி, சில மணி நேரம் குவித்து வைத்து, ஈரம் மணிக்குள் சமமாகப் பரவிய பிறகு மீண்டும் உலர்த்தினால் உடைவது குறையும். 1967-இல் திருவாரூரில் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வகமாகத் தொடங்கி இன்று நிஃப்டெம் என்ற பெயரோடு தஞ்சையில் இருக்கும் நிறுவனம் போன்ற இடங்களில் இது பல காலமாகத் தெரிந்த செய்தி. தெரிந்த செய்தியைப் பயிற்சிக் குறிப்பேட்டோடு மூடி வைத்தவர்கள் பலர். நீங்கள் அதை ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்குள், அவசரமான பருவத்தில், விருப்பமில்லாத இரண்டு பேரைச் சம்மதிக்க வைத்துச் செயல்படுத்தினீர்கள். மேலாளர் பணிக்கு ஆள் தேடுபவர் அறிய விரும்புவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். ‘பயிற்சியில் கற்றேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அதனால் உங்கள் மதிப்பு குறையாது.

மூன்று வழிகளில் எது?

தம்பி சொல்லும் வழியில் ஆபத்து அதிகம். உற்பத்திப் பிரிவில் அனுபவம் உள்ள ஒருவர் எதிரில் இருந்தால், ‘மில்லையே தூக்கி நிறுத்தினேன்’ என்ற வாக்கியத்துக்குப் பின் வரும் இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும். தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர் கொள்முதலையும் விற்பனையையும் கடனையும் எப்படி நிர்வகித்தார் என்று கேட்பார். தேர்வானாலும் பழைய நிறுவனத்தில் விசாரிப்பது இன்று பரவலான நடைமுறை. விண்ணப்பத்தில் பொய்யான தகவல் தந்திருந்தால் பணியில் சேர்ந்த பிறகும் நீக்கலாம் என்ற நிபந்தனை பெரும்பாலான நியமன ஆணைகளில் இருக்கிறது. ‘உன்னை நீயே விற்றுக்கொள்’ என்ற பேச்சே எனக்குப் பிடிப்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் தம்பி மீது கோபம் வேண்டாம். நீங்கள் வாய் திறந்தே ஆகவேண்டும் என்று அவர் சொன்னது சரி.

பழையபடி இருப்பதன் விலை உங்களுக்கே தெரியும்.

நேர்காணலைத் தமிழில் நடத்தச் சொல்லிக் கேட்பது தவறில்லை. ஆனால் அது உங்கள் சட்டப்படியான உரிமை என்று எண்ண வேண்டாம்; தனியார் நிறுவனம் அப்படி நடத்தக் கடமைப்பட்டதல்ல. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டிய பணி இது என்பதால், ஆங்கிலத்தில் உங்களால் புரியவைக்க முடியுமா என்று அவர்கள் பார்ப்பதில் நியாயமும் இருக்கிறது. மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே, குழுவில் தமிழ் தெரிந்தவர் இருந்தால் ஆலை நுட்பம் தொடர்பான ஒன்றிரண்டு விளக்கங்களைத் தமிழில் சொல்லலாமா என்று கேட்டுவையுங்கள். மற்றபடி ஆங்கிலத்திலேயே பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்வதும், பதில் சொல்லுமுன் சில நொடி யோசிப்பதும் குறையாகக் கருதப்படுவதில்லை.

அடைமொழிகளை எடுத்துவிடுங்கள்

நீங்கள் அனுப்பியிருக்கும் தன்விவரக் குறிப்பின் முதல் வரியைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ‘டைனமிக், பேஷனேட், ரிசல்ட் ஓரியன்டட் ப்ரொஃபெஷனல்’ என்று தொடங்குகிறது. ‘நான் உலர்த்தும் முறையை மாற்றினேன்’ என்று சொல்லக் கூசுகிறவர், தன்னைத் தானே துடிப்பானவர் என்று எழுதிக்கொள்ளக் கூசவில்லை. இணையத்தில் கிடைத்த மாதிரியிலிருந்து எடுத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் தற்பெருமையாக ஒலிப்பது இந்தப் பெயரடைகள்தாம். அவற்றைக் கேட்பவர் சோதித்துப் பார்க்க வழியில்லை. நம்பினால் நம்ப வேண்டியதுதான். ‘ஒரு தொட்டியில் சோதித்தேன், மூன்று நாள் அளந்தேன், முதலாளிக்குக் காட்டினேன்’ என்பதைச் சோதிக்கலாம், குறுக்குக் கேள்வி கேட்கலாம். சோதித்துப் பார்க்க இடம் கொடுத்துப் பேசுகிறவரை யாரும் அகம்பாவி என்று எண்ணுவதில்லை. அதேபோல, ‘ஐ வாஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் குவாலிட்டி’ என்று எழுதியிருப்பது உங்கள் கடமையைத்தான் சொல்கிறது. அந்த நாற்காலியில் உறங்கிக் கொண்டிருந்தவரும் அதையே எழுதலாம்.

எண்ணை எப்படிச் சொல்வது

தம்பி எழுதிக் கொடுத்த தாளில் ‘குருணையை நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைத்தேன்’ என்று இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து ஏழு என்பதால் கணக்கு சரிதான். ஆனாலும் அந்த வடிவத்தில் கேட்பவருக்கு ஐயம் எழும். ‘12 சதவீதம் இருந்தது, 7 ஆயிற்று’ என்று இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டால் பெருக்கிக் காட்டுவதாகத் தோன்றாது. ஒரு பருவத்துக்கு மட்டும் உரிய கணக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துறை தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருந்தால், அரசுக்கு அரைத்துக் கொடுக்கும் புழுங்கல் அரிசியிலேயே 16 சதவீதம் வரை குருணைக்கு அனுமதி உண்டே, பன்னிரண்டு என்ன குறை என்று கேட்கக்கூடும். மடக்குவதற்காகக் கேட்பதாக எண்ணிச் சுருங்கிவிடாதீர்கள். தனியார் வாடிக்கையாளர்கள் அதைவிடக் கண்டிப்பாக இருப்பதும், குருணைக்கு முழு அரிசியின் விலை கிடைக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்ல அது நல்ல வாய்ப்பு.

இந்த மாற்றத்தால் என்ன இழப்பு ஏற்பட்டது என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். ஆறவிடும் நேரத்தால் நாளொன்றுக்கு உலர்த்தும் அளவு குறைந்தது என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள், தம்பியின் தாளில் அது இல்லை. செய்ததோடு அதன் செலவையும் சேர்த்துச் சொல்பவரின் பேச்சில் பெருமையடிக்கும் வாடை தானாகவே நீங்கிவிடும். நிர்வாகக் கண் உள்ளவர் என்ற எண்ணமும் கேட்பவருக்கு வரும்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் ஆலையின் வாடிக்கையாளர் பெயர்கள், விற்ற விலை, மொத்த உற்பத்தி ஆகியவற்றைச் சொல்ல வேண்டாம். நியமன ஆணையில் இரகசியம் காப்பது பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விகிதத்தைச் சொன்னால் போதும். பழைய முதலாளியின் கணக்கைக் கொட்டுகிறவர் நாளை நம் கணக்கையும் கொட்டுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

ஆங்கிலத்தில் அது எப்படி ஒலிக்கும்

நீங்கள் எனக்குத் தமிழில் எழுதியதையே சிறுசிறு வாக்கியங்களாக மாற்றிப் பார்த்தேன். “த பேடி கேம் வெட் இன் அக்டோபர், அண்ட் டுவெல்வ் பெர்சென்ட் ஆஃப் த ரைஸ் வாஸ் பிரேக்கிங். ஐ ஹேட் லேர்ன்ட் டூ-ஸ்டேஜ் டிரையிங் அட் எ ட்ரெய்னிங் இன் தஞ்சாவூர். ஐ ட்ரைட் இட் ஆன் ஒன் பேட்ச், ஷோட் த ரிசல்ட் டு த ஓனர், அண்ட் ரோட் த ஷெட்யூல். த டிரையர் ஆபரேட்டர் ரேன் இட் எவ்ரி நைட். பை த எண்ட் ஆஃப் த சீசன், பிரேக்கேஜ் வாஸ் செவன் பெர்சென்ட். டிரையிங் டுக் லாங்கர், ஸோ வீ லாஸ்ட் சம் கெப்பாசிட்டி.”

ஆறு வாக்கியத்தில் ‘ஐ’ இரண்டே இடத்தில் வருகிறது, அதுவும் நீங்கள் உண்மையில் செய்த இடத்தில். ஆபரேட்டருக்குத் தனி வாக்கியம் இருக்கிறது. ‘வீ’ வர வேண்டிய இடத்தில் வருகிறது. பெரிய சொல் எதுவும் இல்லை. இதை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் வாய்க்கு எளிதாக வரும்படி மாற்றிக்கொண்டு, ஆலையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பிக் கேட்கும் இடங்களில்தான் திருத்தம் தேவை. கண்ணாடி இதற்கு உதவாது. அப்பாவையும் ஒருமுறை கேட்க வையுங்கள். மிகை என்று அவர் காதுக்குப் பட்ட சொல்லை எடுத்துவிடலாம்.

சில சிறிய பழக்கங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘நான்தான் செய்தேன்’ என்ற நினைப்பில் நாம் ‘ஐ ஒன்லி டிட் இட்’ என்று சொல்லிவிடுகிறோம். வெளியூரார் காதில் அது ‘அதை மட்டும்தான் செய்தேன்’ என்பதுபோல் விழும். ‘மைசெல்ஃப்’ என்று பெயரைச் சொல்லித் தொடங்குவதைத் தவிர்த்து, ‘ஐ ஆம்’ என்றே தொடங்குங்கள். ‘சாரி, மை இங்கிலிஷ் இஸ் நாட் குட்’ என்ற முன்னுரை வேண்டவே வேண்டாம். அதைக் கேட்ட பிறகு எதிரில் இருப்பவர் உங்கள் உலர்த்தும் முறையை விட்டுவிட்டு உங்கள் இலக்கணத்தைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார். யாராவது பாராட்டினால் ‘நத்திங் ஸ்பெஷல்’ என்று மறுக்காமல், ‘தேங்க் யூ’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் நாக்கு எழாது, பழகிவிடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வேறு வேலை தேடுவது முதலாளிக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்காணல் முடிவில், தற்போதைய நிறுவனத்தில் விசாரிப்பதை நியமன உறுதி கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளும்படி கேளுங்கள். இது வழக்கமாகக் கேட்கப்படுவதுதான், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அதுவரை விசாரிப்பதற்கு, உங்கள் வேலையை நேரில் அறிந்த வேறொருவர், பயிற்சியில் வகுப்பெடுத்தவரோ ஆலையிலிருந்து முன்பே விலகிப்போன மூத்தவரோ, சம்மதிக்கிறாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்பதையும் நியமன ஆணையில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போது சேர முடியும் என்று அவர்கள் கேட்டால் அதைக் கணக்கிட்டே பதில் சொல்ல வேண்டும், குறுவை அறுவடை நடுவில் ஆலையை விட்டுக் கிளம்ப உங்களுக்கும் மனம் வராது.